நலிந்த மிளகாய் நாற்றைத் தேற்றுவதும் அதற்குப் பசளை இடும் வேளையை அறிவதும்

மிளகாய் நாற்று முளைத்து இரண்டு வாரத்தில் வளராமல் நின்று, இலையும் வெளிறத் தொடங்கினால், திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடப்படுவது யூரியாப் பைதான். வெளிறிய இலையைக் கண்டதும் பசி என்று தீர்மானித்து, ஒரு பிடி வெள்ளைக் குருணையைக் கன்றுகளைச் சுற்றித் தூவித் தண்ணீர் விடுகிறோம். மூன்றாம் நாள் இலை நுனி கருகினால் வெயிலைக் குறை சொல்கிறோம். நலிந்த நாற்றுகளில் பெரும்பங்கு பசியால் நலிவதில்லை. அவற்றின் வேர், நீர் தேங்கிய மண்ணில் காற்றின்றித் திணறிக்கொண்டிருக்கும், அல்லது சவர்த் தண்ணீரில் உப்பேறியிருக்கும், அல்லது கறுப்புப் பொலித்தீன் பைக்குள் வெந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் இடப்படும் பசளை வேருக்கு உணவாகச் சேர்வதில்லை. மேலும் ஒரு பங்கு உப்பாகவே சேர்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டியில் பசளை பிற்பகுதியில்தான் வருகிறது. முதலில் வேரின் நிலையை அறிவதும், பிறகு தண்ணீரையும் நிழலையும் சரிசெய்வதும், கன்று புதிய இலை விடத் தொடங்கியதைக் கண்ட பிறகே ஊட்டுவதும் என்ற ஒழுங்கைக் குலைக்காமல் பின்பற்றினால், கைவிட நினைத்த கன்றுகளில் பலவற்றை மாற்று நடுகைக்குக் கொண்டுவந்துவிடலாம். எம்.ஐ. 2, கே.ஏ. 2 போன்ற பழகிய இனங்களுக்கும், விலை கொடுத்து வாங்கிய கலப்பின விதைகளுக்கும் இந்த முறை பொதுவானது. தக்காளி, கத்தரி நாற்றுகளுக்கும் சிறு மாற்றங்களோடு இதுவே பொருந்தும்.

விதைக்குள் இருக்கும் உணவு எவ்வளவு நாளுக்கு

மிளகாய் விதை, ஈரமும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான சூடும் கிடைத்தால் 7 முதல் 10 நாளுக்குள் மண்ணுக்கு மேலே வரும். விதைக்குள் சேமித்த உணவைக் கொண்டே முதல் வேரும் இரு வித்திலைகளும் உருவாகின்றன. வித்திலைகள் விரிந்து பச்சையான பின்னர் அவையே வெயிலில் உணவு தயாரித்துக் கன்றை நடத்துகின்றன. கூட்டெரு கலந்த மண்ணில் விதைத்திருந்தால், முளைத்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை வெளியிலிருந்து எந்தப் பசளையும் தேவைப்படாது. கழுவிய தும்புத்தூளில் மட்டும் விதைத்தவர்களுக்கு இந்தக் காலம் குறைவு. தும்புத்தூளில் ஊட்டம் ஏதும் இல்லாததோடு, நன்றாக உக்காத தூள் இருக்கின்ற நைதரசனையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் என்பதால், வித்திலைகளுக்குப் பின் வரும் முதல் உண்மை இலைச் சோடி விரிந்தவுடனேயே மெல்லிய கரைசல் தேவைப்படும். எதில் விதைத்தோம் என்பதை நினைவில் கொள்ளாமல் பசளை நாளைக் கணக்கிட முடியாது.

முதற்படி: கையை நனைக்கும் முன் கன்றைப் பார்த்தல்

காலை 7 மணிக்கு முன்பாகப் பார்ப்பது நல்லது. நண்பகலில் எல்லாக் கன்றுகளும் சற்றுத் தொங்கித்தான் நிற்கும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில், முழு ஆரோக்கியமான கன்றும் பிற்பகல் இரண்டு மணிக்கு வாடிக் காட்டிவிட்டு மாலையில் எழுந்து நிற்கும். காலையிலும் தலை தூக்காத கன்றே சிகிச்சைக்கு உரியது.

முதலில் கோப்பையைத் தூக்கிப் பாருங்கள். நம் ஊரில் நாற்று வளர்க்க யோகட் கோப்பையைவிட வசதியான பாத்திரம் இல்லை. அதன் எடை சிறிதாக இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவைக் கையே சொல்லிவிடும். காய்ந்த கோப்பை ஒன்றையும், தண்ணீர் விட்டு ஒழுகி முடிந்த கோப்பை ஒன்றையும் இரு கைகளில் தூக்கி ஒருமுறை பழகிக்கொண்டால் போதும். கோப்பை இலேசாகவும் இலைகள் மெலிந்து துவண்டும் இருந்தால் கன்றுக்குத் தாகம். தண்ணீர் விட்டு ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் நிமிர்ந்துவிடும். கோப்பை கனமாக இருந்தும் இலை தொங்கி, அடியிலை மஞ்சளாகி நின்றால் வேர் திணறுகிறது. இரண்டு கன்றுகளும் தூரத்திலிருந்து ஒரே தோற்றத்தில் இருப்பதால்தான், திணறும் கன்றுக்கு மேலும் தண்ணீர் ஊற்றிக் கொல்கிறோம்.

அடுத்ததாக, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஓர் ஈர்க்கின் நுனியால் மேல்மண்ணை அரை சென்ரிமீற்றர் விலக்கினால் அந்தப் பகுதி தெளிவாகத் தெரியும். அது உறுதியாகவும் பச்சையாகவும், அல்லது மேற்றண்டின் நிறத்திலேயே இருந்தால் நல்லது. நீர் கோத்துக் கண்ணாடி போலத் தெரிந்தாலோ, நூலளவுக்கு ஒடுங்கிப் பழுப்பேறியிருந்தாலோ அது நாற்றழுகல். அந்தக் கன்றுக்கு இனி வைத்தியம் இல்லை.

இவை இரண்டும் போதிய விடை தராதபோது, ஒரே மாதிரி நலிந்த கன்றுகளில் ஒன்றைத் தியாகம் செய்து வேரைப் பார்க்க வேண்டும். கோப்பையை இரு விரல்களுக்கிடையில் கவிழ்த்து அடியில் மெதுவாகத் தட்டினால் மண் உருண்டையாக வெளியே வரும். அதை ஒரு சிரட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி மண்ணைக் கரைய விடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகத் தையல் நூலின் தடிப்பில் கிளைத்திருக்கும், தண்ணீரில் அதன் மெல்லிய மயிர்கள் விரிந்து தெரியும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். நகத்தால் இலேசாக இழுத்தால் வெளித்தோல் வழுகிக் கழன்று, உள்ளே ஒரு மயிரிழை மட்டும் மிஞ்சும், மண்ணில் கழிவுநீர் வாடையும் அடிக்கும். வேர் வெள்ளையாக இருந்தும் நீளாமல், நுனிகள் மட்டும் பழுப்பாகிக் கட்டையாக நின்றால், உப்பையோ சூட்டையோ சந்தேகியுங்கள். இந்த ஒரு பார்வை தரும் செய்தியை இலையை நாள் முழுவதும் பார்த்தாலும் பெற முடியாது.

இரண்டாம் படி: தண்ணீர்

திருகோணமலையில் நாற்று வளர்ப்பவரின் கவலைகளில் முக்கால் பங்கு தண்ணீரைப் பற்றியதுதான், அதுவும் இரண்டு எதிரெதிரான காலங்களில் இரண்டு எதிரெதிரான விதங்களில். பெரும்போகத்துக்காகப் புரட்டாதி, ஐப்பசியில் இடப்பட்ட நாற்று, வடகீழ்ப் பருவ மழையின் கடுமையான நாட்களைக் கன்றாக இருக்கும்போதே சந்திக்கிறது. நாட்கணக்கில் வெயில் இல்லாத கார்த்திகை மாதத்தில் இலை நீராவியை வெளிவிடுவதில்லை, கோப்பை காய்வதில்லை, மண்ணின் இடைவெளிகளை நிறைத்த நீர் வேருக்கான காற்றைத் தடுத்துவிடுகிறது. இக்காலத்தில் கன்றுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, மழை நேரடியாக விழாதபடி, ஆனால் பக்கங்கள் திறந்திருக்கும்படி, ஒளிபுகும் பொலித்தீன் கூரை ஒன்றின் கீழ் தட்டுகளை நிலத்திலிருந்து உயர்த்தி வைப்பதுதான். கோப்பையின் அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நான்கைந்து துளைகள் இட்டிருக்க வேண்டும். ஒரு துளை போதாது. ஒரு சிறு கல் அதை அடைத்துவிடும்.

ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் கன்றுக்குத் தண்ணீரை முற்றாக நிறுத்துங்கள். கோப்பை இலேசாகும் வரை, அதற்கு நான்கு நாளானாலும், ஒரு துளியும் விடக்கூடாது. மேல்மண் இறுகியிருந்தால் ஈர்க்கால் கிளறிவிடுங்கள். மேலே பச்சைப் பாசி படர்ந்திருந்தால் அந்தப் படையைச் சுரண்டி எறிந்து, அதற்குப் பதிலாக உமிக்கரியை மெல்லிய படையாகத் தூவலாம். காற்றோட்டமுள்ள, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் கன்று நிற்க வேண்டும். இருட்டில் வைத்தால் மண் காய்வது மேலும் தாமதமாகும்.

அதற்குப் பின்னர் வரும் காலம் வேறு. சிறுபோகத்துக்காகப் பங்குனியில் விதைத்த நாற்று, சித்திரை வெயிலைத் தாண்டி, கச்சான் காற்று எழும்பும் வேளையில் வயலுக்குப் போகிறது. 35 பாகையைத் தொடும் பகல்களில் சிறு கோப்பை ஒரு நாளுக்குள் காய்ந்துவிடுவதால், காலையில் முழுவதும் நனையவும், தேவையானால் மாலை நான்கு மணிக்குப் பின்னர் மேலும் சிறிதளவும் பூவாளியால் விட வேண்டும். சிறிது சிறிதாக மேல்மண்ணை மட்டும் அடிக்கடி நனைப்பது கூடாது. அப்போது வேர் மேலேயே தங்கிவிடும், உப்பும் மேலேயே படியும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோரப் பகுதிகளில் கிணற்று நீர், கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையிலிருந்து கிடைக்கிறது. மாரி முடிந்த தை, மாசியில் இனிக்கும் அதே கிணறு, ஆடி, ஆவணியில் மோட்டார் வைத்து நீண்டநேரம் இறைக்கும்போது சவர்க்கத் தொடங்குகிறது. மிளகாய் உப்பைத் தாங்கும் பயிரல்ல. பாசன நீரில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன் அளவைத் தாண்டும்போதே அதன் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. வளர்ந்த செடிக்கே அப்படியென்றால், ஒரு கோப்பை மண்ணுக்குள் அடைபட்ட கன்றைச் சொல்ல வேண்டியதில்லை. கருவி இல்லாதவர்கள் நாக்கை நம்பலாம். வாயில் சவர்ப்புத் தட்டுகிற தண்ணீரை நாற்றுக்கு விடக்கூடாது. கோப்பையின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளைப் பொடி பூத்திருப்பதும் அதே எச்சரிக்கைதான்.

இதற்கு மாற்றாக நகரப் பகுதியில் கந்தளாயிலிருந்து வரும் குழாய் நீர் இருக்கிறது. அதிலுள்ள குளோரின் வாசனையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஒரு இரவு திறந்த வாளியில் வைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். மழைநீர் எல்லாவற்றிலும் மேலானது. நாற்றுக்குத் தேவைப்படும் தண்ணீர் மிகச் சிறிதளவு என்பதால், ஓட்டுக் கூரையிலிருந்து ஒரு பீப்பாய் பிடித்து மூடி வைத்தால் நூறு கோப்பைகளுக்குப் பல நாள் தாங்கும்.

உப்பேறிய கோப்பையைக் கழுவ, மண்ணின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் வடிய விட வேண்டும். யூரியா கூடிப்போன கன்றுக்கும் இதுவே முதலுதவி. காற்றும் வெளிச்சமும் உள்ள காலைப்பொழுதில் மட்டும் இதைச் செய்யுங்கள். மப்பு மந்தாரமான நாளில் கழுவினால், உப்பிலிருந்து தப்பிய வேர் நீரில் மூழ்கிவிடும்.

மூன்றாம் படி: வெயில், காற்று, சூடு

கறுப்புப் பொலித்தீன் பை நேர் வெயிலில் நிற்கும்போது உள்மண் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். மேற்குப் பக்க வேர்கள் அப்படியே வெந்துவிடும். பைகளை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, மேற்கு வரிசைக்கு முன்னால் ஒரு பலகையையோ கிடுகையோ சாய்த்து வைத்தால் இந்தச் சேதம் நின்றுவிடும். சீமெந்துத் தளத்தில் நேரடியாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும். ரெஜிபோம் பெட்டி கிடைத்தால் அதற்குள் அடுக்கலாம். மீன் சந்தையில் கிடைக்கும் பழைய பெட்டிகளாக இருந்தால், உப்புப் போகக் கழுவி, அடியில் துளையிட்ட பின்னரே பயன்படுத்துங்கள்.

நிழல் அளவோடு இருக்க வேண்டும். 50 வீத நிழல்வலை, அல்லது இடைவெளி விட்டுப் பரப்பிய கிடுகு போதுமானது. வீட்டு விறாந்தையில் வைத்த நாற்று நெடுநெடுவென நீண்டு, தண்டு மெலிந்து, வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயும். இதையும் பசியென்று எண்ணுபவர்கள் உண்டு. பசளை இட்டால் மேலும் நீண்டு விழும். அதைக் காலை வெயில் இரண்டு மணித்தியாலம் படும் இடத்துக்கு மாற்றி, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, ஒரு வாரத்தில் அரை நாள் வெயிலுக்குப் பழக்குங்கள். தக்காளியைப் போல மிளகாய் தண்டு முழுவதும் எளிதில் வேர்விடாது. ஆகவே நீண்ட தண்டை வித்திலைக்குக் கீழே வரை மண் அணைத்துத் தாங்கலாமே ஒழிய, அதற்கு மேல் புதைக்கக் கூடாது.

காற்றுக்கு மறைப்பு தேவைப்படுவது கச்சானுக்கு மட்டும். மென்காற்று தண்டை உரமாக்கும் என்பதால் நாற்றை நான்கு பக்கமும் மூடி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்காம் படி: நோயையும் பூச்சியையும் பசியிலிருந்து பிரித்தல்

நாற்றழுகல் கண்ட கன்றை மண்ணோடு அகற்றி, அருகிலுள்ளவற்றின் நெருக்கத்தைக் குறைத்து, தண்ணீரை நிறுத்துங்கள். இது பரவும் வேகம் பெரிது. அடுத்த முறைக்கு, நாற்றுமேடை மீது வைக்கோலும் உமியும் பரப்பி எரித்த பிறகு விதைக்கும் பழைய வழக்கத்தையோ, ஈரமான மேடையை ஒளிபுகும் பொலித்தீனால் மூடிச் சில வாரம் வெயிலில் வேகவிடும் முறையையோ கைக்கொள்ள வேண்டும்.

சுருண்ட இலைக்குப் பசளையால் பயனில்லை. இலை விளிம்பு மேல்நோக்கிப் படகு வடிவில் வளைந்தால் பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கி வளைந்து, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகினால் சிற்றுண்ணி. கன்றின் தலையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்த்தால், ஒரு மில்லிமீற்றர் நீளமான மஞ்சள் நிறப் பனிப்பூச்சிகள் ஓடுவது தெரியும். சிற்றுண்ணிகள் கண்ணுக்குத் தெரியாதவை, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். குத்திய வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிப்பது நாற்றுப் பருவத்துக்குப் போதுமான பாதுகாப்பு. இலைகள் சிறுத்து, கொப்பளித்து, மஞ்சள் கலந்து நெருங்கிக் கொத்தானால் அது வெள்ளை ஈ காவும் வைரசு. அத்தகைய கன்றைத் தேற்ற முயல்வது மற்றவற்றுக்கும் ஆபத்து, பிடுங்கி எரித்துவிடுங்கள். இரசாயன மருந்தை நாடுமுன் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கன்று ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள்.

ஐந்தாம் படி: தேவையானால் மண்ணை மாற்றுதல்

வேரில் பாதியாவது வெள்ளையாக இருந்து மண்தான் பழுதென்று தெரிந்தால், காத்திருப்பதைவிட மண்ணை மாற்றுவது நல்லது. இரண்டு பங்கு கழுவிய தும்புத்தூள், ஒரு பங்கு நன்றாக உக்கிய கூட்டெரு, ஒரு பங்கு உமிக்கரி அல்லது ஆற்றுமணல் என்ற கலவை நம் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கிறது. தும்புத்தூளை வடிநீரின் பழுப்பு நிறம் தெளியும் வரை கழுவ வேண்டும். கடலோரக் குழிகளில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு தங்கியிருக்கும். கடற்கரை மணல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம், அதிலுள்ள சிப்பித்தூள் மண்ணைக் காரமாக்கும். பச்சைச் சாணமும் புதிய ஆட்டெருவும் கன்றைச் சுட்டுவிடும்.

மாலையில், கன்றைத் தண்டில் பிடிக்காமல் வித்திலையில் பிடித்துத் தூக்கி, பழைய மண்ணில் தானாக உதிர்வதை மட்டும் உதிரவிட்டு, பழுப்பு வேர்களைக் கூரிய கத்தரிக்கோலால் நறுக்கி, புதிய கோப்பையில் முன்பிருந்த ஆழத்திலேயே வையுங்கள். ஒரு முறை தண்ணீர் விட்டபின் நான்கு நாள் நிழல். பெரிய கோப்பைக்கு மாற்ற வேண்டாம். சிறிய வேருக்குப் பெரிய மண் காயாமல் ஈரமாகவே கிடக்கும். இந்த நான்கு நாளும் பசளை என்ற பேச்சே எழக்கூடாது.

ஆறாம் படி: பசளை இடும் வேளை

கன்று தேறுகிறது என்பதை முதலில் அறிவிப்பது நடுக்குருத்து. மங்கிக் கிடந்த குருத்தில் பளபளப்பான இளம்பச்சை இலை ஒன்று விரியத் தொடங்கும். அடுத்து, கோப்பை முன்பைவிட விரைவாக இலேசாகும். வேர் குடிக்கத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். மூன்றாவதாக, அடித்துளையில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்க்கும். கூட்டெருக் கலவையில் நிற்கும் கன்றுக்கு, இரண்டாம் உண்மை இலைச் சோடி விரிந்து இந்த அடையாளங்களில் முதல் இரண்டும் தெரிந்த பின்னரே முதல் ஊட்டம். வித்திலைகள் மெல்ல மஞ்சளாகத் தொடங்குவதும் அதே காலத்தில்தான் நிகழும், அது இயல்பு. மற்ற இலைகள் பச்சையாகவும் குருத்து ஓட்டத்துடனும் இருந்தால், வித்திலை மஞ்சளாகிறதே என்று அவசரப்பட வேண்டாம்.

எதை இடுவது? நாற்றுக்கு, நீரில் முழுவதும் கரையும், நுண்ணூட்டங்களும் அடங்கிய சமச்சீர்ப் பசளையே ஏற்றது. நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஆல்பேட் கலவை இதற்கு நன்றாகப் பொருந்தும். பொதியில் குறித்த அளவின் கால் பங்கில் தொடங்குங்கள். நடைமுறையில் இது ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் அளவு, அதாவது 10 லீற்றர் வாளி ஒன்றுக்குத் தட்டையான ஒரு தேக்கரண்டி. யூரியா மட்டுமே கையில் இருந்தால், அதில் 46 வீதம் நைதரசன் இருப்பதை மறவாமல், ஒரு லீற்றருக்குக் கால் கிராமைத் தாண்ட வேண்டாம். 10 லீற்றர் வாளிக்குத் தட்டையான தேக்கரண்டியில் அரை அளவே போதும். யூரியாவைக் குருணையாகக் கோப்பைக்குள் இடவே கூடாது, ஒரு குருணை தண்டைத் தொட்டாலும் அந்த இடம் கருகும்.

ஊட்டும் முறையும் அளவைப் போலவே முக்கியமானது. காய்ந்த மண்ணில் கரைசலை ஊற்றினால் வேர் அதன் முழுக் காரத்தையும் ஒரேயடியாகச் சந்திக்கும். ஆகவே முதல்நாள் மாலை சாதாரணத் தண்ணீரால் நனைத்து, மறுநாள் காலை 9 மணிக்கு முன் கரைசலை விட வேண்டும். இலையில் பட்டால் தண்ணீரால் கழுவிவிடுங்கள். பிறகு வாரம் ஒரு முறை போதும். மழைநாள் தொடர்ந்தால் அந்த வாரத்தைத் தவறவிடுவதே மேல். வெயில் இல்லாமல் கன்று எதையும் செரிக்காது. மூன்று நான்கு நாள் கழித்துக் குருத்தைப் பாருங்கள். முன்னர் மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாவது அரிது என்பதால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. புதிய இலை பெரிதாகவும் பச்சையாகவும் வந்தால், மூன்றாம் ஊட்டத்திலிருந்து அரைப் பங்கு அளவுக்கு உயர்த்தலாம். நுனி கருகினால் கழுவி, ஒரு வாரம் வெறும் தண்ணீர். இலை கரும்பச்சையாகத் தடித்துக் கீழே வளைந்தால் நைதரசன் மிஞ்சிவிட்டது. அசுவினியும் பனிப்பூச்சியும் அத்தகைய கன்றையே முதலில் நாடும்.

இயற்கைக் கரைசல்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அதே ஆண்டு கார்த்திகையில் அது விலக்கப்படும் வரை, ஊரில் மீன் கழிவும் சர்க்கரையும் ஊறாத வீடே இல்லை என்று சொல்லலாம். அந்தக் கரைசல் வளர்ந்த செடிக்கு நல்லதே. ஆனால் ஒவ்வொரு பீப்பாயின் செறிவும் வேறு, மீனோடு வந்த உப்பின் அளவும் தெரியாது. நலிந்த நாற்றுக்கு அளந்து கொடுக்கக்கூடிய ஒன்றுதான் வேண்டும். அதையே பயன்படுத்த விரும்பினால், நான்கு உண்மை இலைகளுக்குப் பின், நூறு மடங்குக்கு மேல் நீர் சேர்த்து, இரண்டு கன்றுகளில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல

நைதரசன் குறைந்தால் அடியிலை முழுவதும் ஒரே சீராக வெளிறும், ஏனெனில் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அடியிலையில் நரம்புகள் பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறை. இதற்கு மாறாக, குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்புக் குறை. கரையோரச் சுண்ணாம்பு மணலிலும் வன்னீரிலும் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல, காரத் தன்மையால் வேருக்கு அது எட்டாமல் போவதால் வருவது. யூரியா இட்டால் இது தீராது. மழைநீருக்கு மாறுவதும், கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்த மண்ணுக்கு மாற்றுவதும், வேண்டுமானால் செடி எளிதில் உறிஞ்சும் வடிவிலான கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்பை மிகக் குறைந்த அளவில் தெளிப்பதும் தீர்வு. இலையின் அடிப்புறம் ஊதாவானால் பொசுபரசுக் குறையாக இருக்கலாம். மாரிக்காலத்தில் அதன் காரணம் பெரும்பாலும் நனைந்த வேர்தான். தண்டின் கணுக்களில் மட்டும் காணும் ஊதா நிறம் மிளகாயின் பிறவி இயல்பு, அதற்கு வைத்தியம் தேவையில்லை.

எப்போது கைவிடுவது, எப்போது நடுவது

தண்ணீரும் நிழலும் சரிசெய்து இரண்டு வாரமாகியும் ஒரு புதிய இலையும் வராத கன்றை எறிந்துவிடுங்கள். கலப்பின விதையின் விலையை நினைத்தால் மனம் வராதுதான். எனினும் குன்றிப்போன கன்று வயலில் நின்று பசளையும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு நான்கு காய் தருவதைவிட, அந்த இடத்தில் புதிதாக விதைத்த ஒன்று தாமதித்தாலும் அதிகம் தரும். குருத்தே கருகி, பக்கத்தில் அரும்பு ஏதும் இல்லாத கன்றுக்கு இரண்டு வாரமும் தேவையில்லை.

நல்ல நாற்று 4 முதல் 5 வாரத்தில் நடுகைக்கு வரும். தேறிய நாற்றுக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடும், நாளைப் பார்க்காமல் இலையைப் பாருங்கள். ஐந்தாறு உண்மை இலைகளும், கோப்பையைக் கவிழ்த்தால் மண்ணை உதிராமல் கட்டிப் பிடித்திருக்கும் வேரும் இருந்தால் நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்னரே ஊட்டத்தை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, நிழல்வலையைப் படிப்படியாக விலக்குங்கள். 60 சென்ரிமீற்றர் வரிசைக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில், மாலையில் நட்டு, கச்சான் காலமானால் மேற்குப் பக்கத்தில் ஒரு தென்னோலைத் துண்டைச் சாய்த்துக் குத்திவிடுங்கள். வயலில் முதல் மேற்கட்டுப் பசளை (நட்ட பின்னர் மேலாக இடும் பசளை) நட்ட இரண்டாம் வாரத்தில் வருகிறது. நலிந்து தேறிய கன்றுகளுக்கு அதையும் குருத்து ஓடத் தொடங்கியதைப் பார்த்த பிறகு, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஈர மண்ணில் இட வேண்டும். அத்தகைய கன்றுகளின் அருகே ஒரு குச்சியை நட்டு வைத்தால், பசளை இடுபவர் மற்றவற்றோடு சேர்த்து ஒரே அளவாகத் தூவிக்கொண்டு போகமாட்டார்.